மரம் எதுக்கு சார் வளைஞ்சது?

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பிள்ளைகளுக்கு ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிடும். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம். அதே பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் மார்க் ஷீட்டிலும் ஒரு கோபுரம் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் முத்திரையாக. இரண்டும் ஒன்றுதான் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1949இல் முத்திரையை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் பார்த்து வரைந்தது மீனாட்சியம்மன் கோயிலின் மேலக்கோபுரத்தைத்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரு குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொருள் எது என்று இரண்டு ஊர்கள் இவ்வளவு காலம் சண்டை போடுவது எனக்கு நல்ல விஷயமாகவே படுகிறது. சண்டை இருக்கும்வரை, முத்திரையைப் பார்க்கிறவன் கோபுரத்தையும் பார்ப்பான். வகுப்பறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே குறியீடு என்பது இரண்டு மார்க். "இது எதன் குறியீடு?" என்று கேள்வி. கைடில் ஒரு வரி பதில். அந்த வரி மனப்பாடமானதும் கதையை மூடிவிடலாம்.

ஒரு நாவலில் வரும் குறியீட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதைக் கேட்க ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பொருத்தமான இடங்கள். உட்பொருள் சொல்லிக்கொடுப்பதில் பல நூற்றாண்டுப் பழக்கம் உள்ள ஒரு சிறு நூல் பிறந்த ஊர் ஒன்று. தெலுங்கு பேசிக்கொண்டு தெற்கே வந்தவர்கள் நிலைத்த ஊர் மற்றொன்று. அப்படி வந்தவர்களின் கதையைத் தமிழில் சொன்ன சிறு நாவல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). அதன் தொடர்ச்சியிலிருந்து ஒரு துண்டு இப்போது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்.

*

2019இல் வந்த புதிய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'கோபல்லபுரத்து மக்கள்' விரிவானப் பாடமாகச் சேர்ந்தது. 1991இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். எழுதியவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பாடத்தில் வருவது எளிய காட்சி. வெயிலில் நடந்து பசியில் சோர்ந்துபோன வழிப்போக்கன் ஒருவனை அன்னமய்யா பார்க்கிறான். நீச்சுத் தண்ணி கொடுக்கிறான். புஞ்சையில் களையெடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் கூட்டிப்போகிறான். அவர்கள் தங்கள் கம்மஞ்சோற்றையும் துவையலையும் வந்தவனோடு பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பிரபலமான கேள்வி உண்டு. அன்னமய்யா என்ற பெயருக்கும் அவன் செய்கைக்கும் என்ன பொருத்தம்? நியாயமான கேள்விதான். பெயர் ஒரு குறியீடாக வேலை செய்வதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். ஆனால் பரீட்சைத் தாளில் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான். அன்னம் என்றால் சோறு, அவன் சோறு கொடுத்தான், ஆகவே பொருத்தம். எழுதியாச்சு, மார்க் வந்தாச்சு.

இந்தப் பதிலில் தப்பு ஏதும் இல்லை. அதில் கம்மஞ்சோறு இல்லை என்பதுதான் குறை. கம்பைக் குத்திப் புடைத்துச் சோறாக்க எவ்வளவு நேரம் ஆகும், களையெடுக்கிறவர்கள் கொண்டுவந்த சோற்றில் இன்னொருவனுக்குக் கொடுத்தால் யாருடைய பங்கு குறையும், ஊர் பேர் தெரியாதவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்ற எதுவும் அந்தப் பதிலில் இல்லை. 1936இல் ராஜபாளையம் மில் வந்த பிறகு பஞ்சும் நூலும் ஷிப்ட்டும் பழகிய ஊரில், ரேஷன் அரிசி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கம்மஞ்சோறு என்பது ஏறக்குறைய ஒரு வெளிநாட்டுச் சொல். சோறு தெரியாமல் சோற்றின் குறியீடு மட்டும் தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த எரிச்சல் நம்மூரில் மட்டும் இல்லை. 1963இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் புரூஸ் மெக்அலிஸ்டர் என்ற 16 வயதுப் பையனுக்கு, ஆங்கில வகுப்பில் ஓயாமல் குறியீடு தேடச் சொல்வது பொறுக்கவில்லை. 150 எழுத்தாளர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பிவிட்டான். நீங்கள் வேண்டுமென்றே குறியீடு வைத்து எழுதுகிறீர்களா, நீங்கள் வைக்காததை வாசகர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்பது போன்ற கேள்விகள். ஏறக்குறைய பாதிப் பேர் பதில் எழுதினார்கள். ஜாக் கெரோவாக், ஜான் அப்டைக், ரே பிராட்பரி போன்ற பெயர்களும் அதில் உண்டு. பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தானாக வருவதுதான் குறியீடு, திட்டமிட்டு வைத்தால் செத்துவிடும் என்கிற குரல் மட்டும் அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஹெமிங்வே, 'கிழவனும் கடலும்' நாவலில் குறியீடே கிடையாது, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான் என்கிற பொருளில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த நாவலைத்தான் உலகம் முழுக்க வகுப்பறைகளில் குறியீட்டுக்காகப் பிழிந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் குறியீட்டைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். எப்படி என்பதற்கு சான் டியாகோ வரை போக வேண்டியதில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம் போதும்.

*

திருப்பாவை 30 பாட்டு. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அதற்கு எழுதப்பட்ட உரைகளோ மலை மாதிரி. 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை எழுதியது மூவாயிரப்படி. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதியது ஆறாயிரப்படி. 32 எழுத்து ஒரு படி என்பது கணக்கு. உட்பொருளுக்கு இந்த மரபில் ஒரு தனிப் பெயரும் உண்டு, ஸ்வாபதேசம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் கைடு மாதிரியே தெரியும். மழை பெய்து பசுக்கள் குடம் குடமாகப் பால் நிறைக்கும் என்று ஆண்டாள் பாடினால், பசு என்பது ஆசாரியன், பால் என்பது அவர் கொடுக்கும் ஞானம். பறவை கூவினால் அதுவும் ஆசாரியன், இரண்டு சிறகுகளும் அறிவும் ஒழுக்கமும். தூங்கும் பத்துப் பெண்களை எழுப்பும் பத்துப் பாட்டில் பத்து ஆழ்வார்கள். அட்டவணை போட்டுப் பரீட்சைக்குக் கொடுத்துவிடலாம்.

உரைக்குள் போனால் கதை வேறு. உட்பொருளைத் தொடுவதற்கு முன்னால் உரைகாரர்கள் பொருளிலேயே வெகுநேரம் நிற்கிறார்கள். ஒரு பாட்டில் எருமைகள் 'சிறுவீடு' மேயப் போய்விட்டன என்று வரும். பால் கறப்பதற்கு முன்னால், பனிப்புல்லைக் கொஞ்சம் கடித்துவிட்டு வரட்டும் என்று விடியலில் சிறிது நேரம் அவிழ்த்து விடுவதுதான் சிறுவீடு. இடையர் வீட்டு வழக்கம். அதை விளக்காமல் உரை நகராது. மாடு தெரியாதவனுக்கு மாட்டின் உட்பொருள் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்தியார் ஒருவர் பசுப் பாட்டைப் பால்கோவாக் கடையிலிருந்து ஆரம்பித்தால், அவரும் அந்த வரிசையில் வருகிறவர்தான்.

அடுத்து அந்த உரைகள் செய்வது இன்னும் சுவாரசியம். வெளியே நிற்கும் பெண்கள், விடிந்துவிட்டது எழுந்திரு என்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவள் சும்மா எழுந்து வந்துவிடுவதில்லை. விடிந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்கிறாள். பறவை கூவுகிறதே என்கிறார்கள். நீங்கள் போட்ட சத்தத்தில் அதுகள் முழித்திருக்கும் என்கிறாள். கிழக்கு வெளுத்துவிட்டதே என்றால், அது உங்கள் முகங்களின் ஒளி அங்கே பட்டுத் தெரிகிறது என்கிறாள். எருமைகள் மேயப் போகின்றனவே என்றால், உங்கள் முக ஒளிக்கு விலகி ஓடும் இருட்டைத்தான் எருமை என்று நினைத்துவிட்டீர்கள் என்கிறாள். பாட்டில் நேராகச் சொல்லப்படாத இந்த வாக்குவாதத்தை உரைகாரர்கள் தாங்களாகவே கட்டி எழுப்புகிறார்கள்.

ஒரு அடையாளத்தைக் காட்டினால் உடனே ஒப்புக்கொள்ளாதே, வேறு எப்படியெல்லாம் அதற்கு அர்த்தம் சொல்லலாம் என்று யோசி. எழுநூறு வருடத்துக்கு முந்தைய வகுப்பறை இது. அதில் கேள்வி கேட்கிறவள் மாணவி, அதுவும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவள். எந்தப் பாட்டில் எழுப்பப்படுகிறவள் எந்த ஆழ்வார் என்பதிலும் எல்லோரும் ஒரே பட்டியலைச் சொல்வதில்லை. வேறுபாட்டை வைத்துக்கொண்டேதான் மரபு நடந்திருக்கிறது.

இந்த மரபின் மிகப்பெரிய வாசகராக ராமானுஜரைச் சொல்வார்கள். திருப்பாவை ஜீயர் என்றே அவருக்குப் பெயர். குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. 18ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டே அவர் ஒரு வீட்டு வாசலில் பிட்சைக்கு நிற்கிறார். பெரிய நம்பி வீடு என்பார்கள், திருக்கோட்டியூர் நம்பி வீடு என்பாரும் உண்டு. பாட்டில் நப்பின்னையிடம் வளையல் ஒலிக்க வந்து கதவைத் திற என்று கேட்கும் இடம் வரும்போது, அந்த வீட்டுப் பெண் உண்மையிலேயே வளையல் குலுங்கக் கதவைத் திறக்கிறாள். ராமானுஜர் மயங்கி விழுகிறார். நம்பி வந்து பார்த்ததும், என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்.

இன்னொரு கதை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். வாயால் நேர்ந்தது. தத்துவம் சொல்கிறவர்களுக்கு எளிதான இடம் இது. நூறு என்றால் நிறைவு, வெண்ணெய் என்றால் அன்பு என்று முடித்துவிடலாம். ராமானுஜர் அந்த நூறு தடாக்களை நிஜமாகவே அழகருக்குப் படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாராம். ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாளாம். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு, நெய் முழங்கை வழியே வழியும் என்று பாடிய அந்தச் சோற்றை இன்றும் கோயில்களில் ஆக்குகிறார்கள்.

இவை பக்திக் கதைகள். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாசிப்பைப் பற்றி ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதைகள் என்ற முறையில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. உட்பொருள் சொல்வதில் தலைசிறந்தவராக அது நினைத்த ஆள், சோற்றைச் சோறாகவே ஆக்கிப்போட்டவர்.

இது வைணவத்துக்கு மட்டும் உரிய யோசனையும் இல்லை. தொல்காப்பியம் உள்ளுறையைப் பற்றிச் சொல்லும்போது, தெய்வத்தை விட்டுவிட்டு மற்றக் கருப்பொருள்களை இடமாகக் கொண்டு அது வரும் என்கிறது. மரம், பறவை, விலங்கு, தொழில், உணவு என அந்த நிலத்தில் இருப்பவை. நிலத்தைத் தெரியாதவனுக்கு உள்ளுறை பிடிபடாது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் உள்ளுறையும் இறைச்சியும் இலக்கணமாக வரும்போது அதைப் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் படித்த கம்மஞ்சோற்றையும் இதையும் சேர்த்து யோசித்திருப்பார்கள்?

*

இப்போது 'கோபல்ல கிராம'த்துக்கு வருவோம். சின்ன நாவல். ஆரம்பத்திலேயே தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு பெண்ணை நகைக்காக ஒருவன் தண்ணீரில் அழுத்திக் கொல்கிறான். சாகும்போது அவள் அவன் கால் கட்டைவிரலைக் கடித்த பிடியை விடவில்லை. அந்தக் கொலையை ஊர் விசாரிக்கும் கதைக்கு நடுவே, நூறு வயது தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் தன் கூட்டத்தார் தெலுங்கு தேசத்திலிருந்து வந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகான பெண்ணை ராஜா கேட்கிறான். குடும்பமே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறது. பின்னால் சிப்பாய்கள். முன்னால் ஆறு. வழியில்லாமல் நிற்கும்போது கரையில் இருந்த மரம் வளைந்து அக்கரையைத் தொடுகிறது. அதைப் பிடித்து எல்லோரும் கடந்ததும் மரம் நிமிர்ந்துவிடுகிறது.

வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். "மரம் எதுக்கு சார் வளைஞ்சது?"

கைடு இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடும். மரம் தெய்வ அருளின் குறியீடு. அல்லது நம்பிக்கையின் குறியீடு. இரண்டில் எதை எழுதினாலும் மார்க் விழும்.

விடிந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்ட பெண்ணின் வழியில் போனால் என்ன ஆகும்? முதலில், இந்த மரம் நாவலாசிரியர் கண்டுபிடித்த மரம் இல்லை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதி நூலில், தொட்டிய நாயக்கர்களைப் பற்றிய பகுதியில் ஏறக்குறைய இதே கதை இருக்கிறது. விரட்டப்பட்டு வந்தவர்கள் ஆற்றங்கரையில் நிற்க, இரு கரையிலும் இருந்த புங்க மரங்கள் வளைந்து பாலம் ஆகின்றன. அதனால் அவர்களுக்குப் புங்க மரம் வணக்கத்துக்குரியது. கி.ரா.வின் கூட்டத்தார் கம்மவார். ராஜபாளையத்து ராஜுக்கள் வேறொரு சமூகம், விஜயநகர காலத்தை ஒட்டி வந்ததாகச் சொல்லும் மரபு அவர்களுக்கு. தெற்கே வந்த கதை இப்படிப் பல வீடுகளில் பல விதமாக இருக்கிறது. ஆக, மரம் முதலில் பாட்டிமார் வாயில் இருந்தது, அப்புறம்தான் புத்தகத்துக்கு வந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டமானது. உண்மையிலேயே இவர்கள் தப்பி ஓடி வந்தவர்கள்தானா? 14ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குமார கம்பணன் மதுரையை வென்றதிலிருந்து விஜயநகரப் படைகள் தெற்கே வந்தன. 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி. பாளையங்கள் உண்டாயின. படையோடும் படைக்குப் பின்னாலும் உழவர்களும் வணிகர்களும் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன் (1985), வடக்கிலிருந்து வந்தவர்கள் இங்குள்ள கரிசல் புஞ்சை நிலங்களில் நிலைத்ததை விவரிக்கிறார். ஆற்றுப் பாசன ஊர்கள் ஏற்கெனவே பிறர் கையில். இவர்களுக்குப் பழக்கமான கறுப்பு மண் இங்கே கிடந்தது.

ஆட்சியோடு வந்தவர்கள், ஆட்சிக்குப் பயந்து ஓடிவந்ததாகக் கதை சொல்கிறார்கள். இதில் எது பொய்? எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கூட்டத்தில் இரண்டு வகையும் இருந்திருக்கலாம். ஆனால் எதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் மரம் இருக்கிறது. ஜெயித்து வந்த கதையை அவர்கள் சொல்லவில்லை. பெண்ணைக் காப்பாற்ற வீடு வாசலை விட்டு வந்தோம், ஒரு மரம் எங்களுக்குக் குனிந்தது என்று சொன்னார்கள். வந்த இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்கியதும் அதே நாவலில் வருகிறது. ஒரு மரத்தின் தயவில் பிழைத்தவர்கள் ஒரு காட்டையே எரிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி, 15 வயதுப் பிள்ளைகளை பத்து நிமிஷம் பேசவிட்டால் போதும். 'நம்பிக்கையின் குறியீடு' என்ற பதில் தானாகவே சிறுத்துவிடும்.

*

இதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. வாத்தியார் மறக்கக்கூடாத விஷயம் இது. வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசும். அதற்கு மரம் சொந்தக் கதை. இன்னொரு பிள்ளையின் தாத்தா அந்தப் புஞ்சைகளில் கூலிக்குக் களையெடுத்தவர். அவர்கள் வந்த கதையோ இருந்த கதையோ இந்த நாவலில் நடுவில் இல்லை.

பத்தாம் வகுப்புப் பாடத்தின் அருஞ்சொற்பொருளில் ஒரு சொல் இருக்கிறது, கடிச்சு குடித்தல். வாய் வைத்துக் குடித்தல் என்று பொருள் போட்டிருக்கிறார்கள். வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்த கி.ரா.வின் சொல். பொருள் சரி. பெரும்பாலும் வகுப்பு அதைப் படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். ஆனால் இந்த மண்ணில் யார் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கலாம், யார் அண்ணாந்து குடிக்க வேண்டும், யார் கையைக் குவித்து ஊற்றச் சொல்லிக் குடிக்க வேண்டும் என்பது பெரிய சட்டமாக இருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததும் அந்தச் சட்டத்தின்படிதான். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்கு ஒருவன் தண்ணீர் கொடுக்கிற காட்சியில் அந்தச் சொல் வருகிறது என்றால், அந்தச் சொல்லே ஒரு குறியீடு. கைடில் அதற்குக் கேள்வி இல்லை. சிறுவீட்டை விளக்கிய உரைகாரர்கள் மாதிரி ஒரு வாத்தியார் அந்த ஒரு சொல்லில் நின்றால், அன்னமய்யாவின் விருந்தோம்பலுக்கு எடை கூடும். வந்தவன் யாராக இருந்திருந்தால் அந்தச் சோறு கிடைத்திருக்காது என்கிற கேள்வியும் கூடவே எழும். அந்தக் கேள்வியால் கி.ரா.வுக்கு ஒரு குறைவும் வராது.

பழைய மரபையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் உரை மரபு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதைக் கேட்க உட்கார இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் 1939 ஜூலையில்தான் நுழைந்தார்கள். கோயிலுக்கே வர முடியாதவர்களுக்கு ஸ்வாபதேசம் எங்கே கிடைத்திருக்கும்? இன்று பத்தாம் வகுப்புப் பரீட்சையை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரியவாச்சான் பிள்ளைக்குக் கனவிலும் கிடைக்காத சபை இது. இவ்வளவு பெரிய சபைக்கு நாம் ஒற்றை வரிப் பதிலை மட்டும் கொடுத்து அனுப்புவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது பரீட்சையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி நடந்த ஓர் உரை, சில நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தமிழகம் முழுவதிலும் போராட்டமாக மாறியது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு கவிதையை வரலாறாகப் படிப்பது, பக்தியாகப் படிப்பது, ஒரு பெண்ணின் குரலாகப் படிப்பது என்று பல வழிகள் உண்டு, அவை ஒரே அறையில் இருக்க முடியும் என்பதைப் பள்ளியில் பழகாதவர்கள்தான் இரு பக்கமும் உரக்கக் கத்தினார்கள். ஒரு அடையாளத்துக்கு ஒரு பொருள்தான் என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவனுக்கு, இரண்டாவது பொருள் சொல்கிறவன் எதிரியாகத்தான் தெரிவான்.

இதே இரண்டு ஊர்கள் வேறொன்றையும் செய்து காட்டியிருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர், வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக எழுதினார். சூடிக்கொடுத்தவள் என்பதுதான் தலைப்பின் பொருள். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா. அந்த மொழிபெயர்ப்புக்கு 1989இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி சூடிய மாலை தெலுங்குக்குப் போய், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. வந்தவர்கள் யார், இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்த ஊர்களில் இருக்கிற நல்ல பதில்களில் ஒன்று இது. இதைச் சொல்லாமல் 'கோபல்ல கிராமம்' நடத்துவது கஷ்டம்.

*

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. பாடம் அப்படியே இருக்கட்டும். கேள்வியும் இருக்கட்டும். வரிசையை மட்டும் மாற்றலாம். முதல் வகுப்பில் குறியீடு என்ற சொல்லே வேண்டாம். கம்பு ஒரு கைப்பிடி கொண்டுவந்து காட்டலாம். வீட்டில் பாட்டி இருந்தால், கம்மஞ்சோறு எப்படி ஆக்குவார்கள், எந்த மாசத்தில் சாப்பிட்டார்கள், யாருக்கு எப்படித் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லலாம். எங்கிருந்து வந்தோம் என்று வீட்டில் ஏதாவது கதை உண்டா என்றும் கேட்கச் சொல்லலாம். மரம் வளைந்த கதை ஒரு வீட்டிலிருந்து வரும். மரம் இல்லாத கதைகளும் வரும். அதற்குப் பிறகு அன்னமய்யாவின் பெயரைப் பற்றிக் கேட்டால், நாற்பது பிள்ளைகளிடமிருந்து நாலு விதமான பதிலாவது கிடைக்கும். நாலையும் போர்டில் எழுதிவிட்டு, இதில் எதற்கு என்ன அடையாளம் என்று கேட்கலாம். பரீட்சையில் எழுத வேண்டிய ஒரு வரியைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொள்ளலாம். மார்க்கும் முக்கியம்தானே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் ஒரு கிளி இருக்கும். தூது போகும் கிளி, ஞானக் கிளி என்று அதற்கு எத்தனையோ விளக்கம். அது சிலையில் செதுக்கிய கிளி கிடையாது. மரவள்ளி இலையை மடித்து உடம்பும், மாதுளம்பூவில் மூக்குமாக, தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு வாடிவிடும். நாளைக்கும் யாராவது இலை பறிக்கப் போக வேண்டும்.